இது நான் கெடுத்தது

“இது நான் கெடுத்தது” என்று ரிப்பேர் செய்பவர் யாராவது தன் வாயால் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? நான் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை அல்ல, வாரத்துக்கு இரண்டு தடவை. மிக்ஸிக்காரர் “காயில் போச்சு” என்பார். டி.வி. மெக்கானிக் “ஐ.சி. போச்சு” என்பார். எல்லாம் தானாகவே போகும்; யாரும் போக வைத்திருக்க மாட்டார்கள். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்களுக்குப் பின்தெருவில் இருந்த அந்தப் பெண்மணி மட்டும் மிஷினின் மூடியைக் கழற்றி, மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்து, நிமிர்ந்து உட்கார்ந்து, “இந்த ஒயர் அறுந்தது இப்ப நான் மூடியத் தூக்கினப்பதான். இது நான் கெடுத்தது” என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு சந்தோஷம் வேறு தெரியும். அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் போன் செய்து, கட்டுரையில் எந்தெந்த வரி தப்பு என்று ஒரு மணி நேரம் சொல்வார். தெருப் பிள்ளைகள் அவரைக் கம்ப்யூட்டர் அக்கா என்றார்கள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர் என்றாலும் நானும் மனத்துக்குள் அப்படித்தான் கூப்பிட்டேன்.

கம்ப்யூட்டர் என்றதும் இன்றைக்கு மடியில் வைத்துக்கொள்கிறோமே, அதை நினைக்க வேண்டாம். கீபோர்டுக்குள்ளேயே முழு மிஷினும் அடங்கியிருக்கும். ஒயரை எடுத்து வீட்டு டி.வி.யில் சொருக வேண்டும். புரோகிராமைக் கேசட்டில் வைத்திருப்பார்கள். டேப்ரெக்கார்டரில் போட்டு ஓடவிட்டால், கீய்ங் என்று ஒரு சத்தத்தோடு ஐந்து நிமிஷத்தில் ஏறும். அதற்குள் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடும். எண்பதுகளில் துபாயிலிருந்தும் லண்டனிலிருந்தும் பெட்டிக்குள் வந்தவை அவை. எங்கள் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும்போது நாயை ஒருவருக்கும் கம்ப்யூட்டரை இன்னொருவருக்கும் கொடுத்துவிட்டுப் போவார்கள். நாய்க்குச் சோறு கிடைத்தது. கம்ப்யூட்டர் பரணுக்குப் போயிற்று. தொண்ணூறுகளின் நடுவில் அவை ஒவ்வொன்றாகப் பரணிலிருந்து இறங்கி, தலையணை உறைக்குள் புகுந்து, அக்கா வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தன.

அக்கா டெலிபோன் செய்யும் பாக்டரி ஒன்றில் பத்து வருஷம் சால்டரிங் வேலை பார்த்தவர். அந்த உற்பத்தி லைனை மூடியதும் வீட்டுக்கு வந்தவர். அங்கே அவர் வரிசையில் பெண்களுக்குள் ஒரு வழக்கம் இருந்ததாம். ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறம். தான் ஈயம் வைத்த இடத்தில் தன் நிறத்தில் ஒரு சின்னப் பொட்டு வைத்துவிட வேண்டும். செக்கிங்கில் ஒரு பீஸ் திரும்பி வந்தால், பொட்டைப் பார்த்து ஆளைக் கூப்பிடுவார்கள். ஆள் வந்து அரை நிமிஷத்தில் சரிசெய்துவிட்டுப் போய்விடும். ஒரே ஒரு தடவை ஒருத்தி பயந்துபோய் தன் பொட்டைச் சுரண்டி எடுத்துவிட்டாள். அன்றைக்கு அந்த ஒரு பீஸுக்காக மத்தியானம் வரை மொத்த வரிசையும் நின்றது. இதைச் சொல்லும்போது அக்கா தலையில் அடித்துக்கொள்வார். “திட்டு வாங்கினா ரெண்டு நிமிஷம் சார். சுரண்டினா அரை நாள்!”

வீட்டுக்கு வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. பாக்டரியில் அவர் நிறம் பச்சை. எங்கேயோ தேடிப் பச்சை நெயில் பாலிஷ் ஒன்று வாங்கி வைத்திருந்தார். தன் கை பட்ட இடத்திலெல்லாம் குண்டூசித் தலையளவு பச்சைப் பொட்டு. நகத்தில் அவர் அதைப் போட்டு நான் பார்த்ததில்லை. ஜன்னலோரம் வெயில் இருக்கும்வரைதான் வேலை. வெயில் போனால் மிஷினைத் துணி போட்டு மூடிவிடுவார்.

ஹவுசி தாத்தா கதையைச் சொல்லாவிட்டால் இவரைப் பற்றி எதுவும் சொன்னதாகாது. ரயிலில் இன்ஜின் டிரைவராக இருந்து ரிட்டையரான ஆங்கிலோ இந்தியர் அவர். கிறிஸ்துமஸ் விருந்தில், சீட்டில் நம்பர் அடித்து ஆடும் ஹவுசி விளையாட்டுக்கு நம்பர் எடுத்துக் கொடுக்கத் தானே ஒரு புரோகிராம் எழுதி, நாலு கேசட்டில் பத்திரமாக வைத்திருந்தார். டேப்ரெக்கார்டரைச் சர்வீஸ் செய்து தரச் சொல்லி அக்காவிடம் கொடுத்தார். அக்கா திறந்து பார்த்தால் கேசட்டைப் படிக்கும் ஹெட் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. திருகாணியைத் திருப்பி நேராக்கி, பச்சைப் பொட்டும் வைத்துக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு தாத்தாவின் கேசட் ஒன்றுகூட ஏறவில்லை. ஈரத்தில் கேசட் பூஞ்சை பிடித்துவிட்டது என்று தாத்தா முடிவுகட்டி, நாலையும் குப்பையில் போடக் கிளம்பிவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் அப்படியே விட்டிருப்பார்கள். நானாக இருந்தால் பூஞ்சைக்கு நன்றி சொல்லியிருப்பேன். அக்கா விஷயம் கேள்விப்பட்ட அன்றைக்கே தாத்தா வீட்டுக்குப் போய், “கேசட் நல்லாத்தான் இருக்கு அங்கிள். நீங்க ரெக்கார்ட் பண்ணினப்பவே ஹெட் கோணலா இருந்திருக்கு. கோணல்ல எழுதினது கோணல்லதான் படிக்கும். நான் நேராக்கித் தொலைச்சுட்டேன். இது நான் கெடுத்தது” என்றார். தாத்தாவுக்கு வந்ததே கோபம்! ஆங்கிலத்தில் திட்டினார், அது போதாதென்று தமிழிலும் திட்டினார். அக்கா கேட்டுக்கொண்டே திருப்புளியை எடுத்து, கேசட்டை ஓடவிட்டு, கீய்ங் சத்தம் எந்த இடத்தில் கூர்மையாகக் கேட்கிறது என்று காதைச் சாய்த்துக்கொண்டு, ஹெட்டை மறுபடி பழைய கோணலுக்கே கொண்டுபோய் நிறுத்தினார். அந்தக் கிறிஸ்துமஸில் ஹவுசி நடந்தது. கோணலுக்குப் பக்கத்திலும் ஒரு பச்சைப் பொட்டு இருந்ததை நான் பார்த்தேன்.

இந்தக் குணம் மிஷினோடு நின்றிருந்தால் அவர் அம்மா நிம்மதியாக இருந்திருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். தட்டில் கேக் வைத்த அம்மா, “எல்லாம் பொண்ணு பண்ணினதுதான்” என்று சொல்லி முடிக்கவில்லை. அக்கா குறுக்கிட்டு, “இது பேக்கரில வாங்கினது. நான் பண்ணினது கருகிப்போச்சு. உள்ள இருக்கு, கொண்டுவரட்டுமா?” என்றாராம். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை. அம்மா ஒரு வாரம் பேசவில்லை. மூன்று வருஷம் கழித்து வந்த இன்னொருவர் அந்தத் தடவை கருகின கேக்கைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவரைத்தான் கட்டிக்கொண்டார். இப்போது ஹெப்பகோடிப் பக்கம் வீடு. எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெரிய பெரிய ஆட்கள், சின்ன வயதில் விளையாடிய மிஷினைத் தேடிப் பிடித்து எடுத்துக்கொண்டு சனிக்கிழமைகளில் அவர் வீட்டு வாசலில் காத்திருக்கிறார்கள் என்று கேள்வி. ஆனால் அந்த நாளில், ஒரு திங்கட்கிழமை காலையில், இந்த வேலையே வேண்டாம் என்று அவர் விட்டுவிட்டார். விட வைத்தவன் நான். அதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

அப்போது நான் பக்கத்து ஸ்கூலில் டைப்ரைட்டிங் வாத்தியார். வயது நாற்பத்தைந்து, மீசை உண்டு, மீசைக்கு ஏற்ற கௌரவமும் உண்டு. ஒருநாள் ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு, அடுத்த வருஷம் டைப்ரைட்டிங் கிளாஸ் கிடையாது, கம்ப்யூட்டர் கிளாஸ்தான் என்றார். அதற்கு அரசாங்க அனுமதி வேண்டும். அனுமதிக்கு இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். வெளிநாடு கிளம்பிய ஒரு குடும்பம் ஸ்கூலுக்கு ஒரே மாதிரி இரண்டு பழைய மிஷின்களைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது.

“ரெண்டும் ஓடணும் சார். ஓடிச்சுன்னா நீங்கதான் கம்ப்யூட்டர் சார். ஓடலைன்னா...” என்று நிறுத்திவிட்டு அவர் காலண்டரைப் பார்த்தார். எனக்கு வீட்டில் இரண்டு பெண்கள். பெரியவள் பி.யு.சி. முடித்துக் காலேஜ் போகப் போகிறாள். நானும் காலண்டரைப் பார்த்தேன்.

இரண்டையும் அக்காவிடம் கொண்டுபோனேன். பத்து நாளில் இரண்டும் பச்சைப் பொட்டோடு திரும்பி வந்து ஜம்மென்று ஓடின. மெமரி சிப்புகளைக்கூட ஈயம் வைத்து ஒட்டாமல், பிடுங்கி மாட்டுகிற மாதிரி குழி வைத்துக் கொடுத்திருந்தார். அழிரப்பர் மாதிரி கொழகொழவென்று இருந்த கீக்களில் நான் என் பெயரை அடிக்கப் பழகினேன்.

இன்ஸ்பெக்ஷன் திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை ஒரு மிஷினின் அடாப்டர் ஒயர் என் செருப்பில் மாட்டிப் பிய்ந்துபோனது. பக்கத்திலேயே டேப்ரெக்கார்டர் அடாப்டர் இருந்தது. இதுவும் ஒன்பது வோல்ட், அதுவும் ஒன்பது வோல்ட். முனையும் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்திவிட்டால் சரி என்று நினைக்கிற ஆள் நான். டேப்ரெக்கார்டருக்கு முனையின் உள்பக்கம் பிளஸ், இந்த மிஷினுக்கு உள்பக்கம் மைனஸ் என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? சுவிட்சைப் போட்டதும் டப் என்றது. பிறகு ஒரு வாசனை. ஜன்னலைத் திறந்து அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரால் விசிறினேன். பிய்ந்த ஒயரை முறுக்கி டேப் ஒட்டினேன். டேப்ரெக்கார்டர் அடாப்டரை அலமாரிக்குப் பின்னால் தள்ளினேன். மிஷினை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன்.

“சும்மா ஓடிட்டே இருந்துச்சும்மா. தானா நின்னுடுச்சு” என்றேன். மீசை துடிக்கவே இல்லை.

அக்கா மோந்து பார்த்தார். “எரிஞ்ச வாசனை வருதே சார். ஓடிட்டு இருந்தது நின்னுச்சுன்னா, நான் வச்ச ஈயம்தான் எங்கயோ தொட்டுக்கிட்டு இருக்கணும். நீங்க பேஜார் பண்ணிக்காதீங்க. நாளைக்கு வாங்க.”

வெள்ளிக்கிழமை போனேன். உள்ளே கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்சிஸ்டர் ஒன்று எரிந்திருந்தது. புதுசு போட்டதும் அதுவும் எரிந்துவிட்டது என்றார். சனிக்கிழமை போனேன். இரண்டாவதும் எரிந்து, மூன்றாவதும் எரிந்திருந்தது. தான் வைத்த அத்தனை பச்சைப் பொட்டையும் சுரண்டி, ஈயத்தை உருக்கி எடுத்து, ஒவ்வொன்றாக மறுபடி வைத்துக்கொண்டிருந்தார். ஒரே இடத்தில் மூன்று தடவை ஈயம் வைத்தும் திருப்தியில்லாமல் உருக்கி எடுத்தார். அவர் அப்படித் தடுமாறி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“நேத்துலருந்து சாப்பிடவே மாட்டேங்கிறா. நீங்களாவது சொல்லுங்க சார்” என்றார் அவர் அம்மா.

“சாப்பிடும்மா” என்றேன். அவர் சாப்பிடவில்லை. அம்மா எனக்கு ஒரு தட்டு போட்டார். நான் சாப்பிட்டேன். அந்தச் சாப்பாட்டை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலை அக்கா ஆட்டோவில் மிஷினைத் தூக்கிக்கொண்டு நேராக ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமுக்கே வந்துவிட்டார். நானும் அங்கே இருந்தேன். இன்ஸ்பெக்டர் வந்து கீழே அட்டெண்டன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓடலை மேடம்” என்றார் அக்கா. “நாலு டிரான்சிஸ்டர் எரிச்சுட்டேன். என் கையிலதான் கோளாறு. இது நான் கெடுத்தது. சார் மேல ஒரு தப்பும் இல்ல, அவரை ஒண்ணும் சொல்லாதீங்க.”

அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் இல்லாவிட்டால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். பிழைத்தோம் என்று நின்றிருப்பேன். என்னை அறியாமல், “இல்ல மேடம். நான்தான் டேப்ரெக்கார்டர் அடாப்டரை மாட்டினேன்” என்று சொல்லிவிட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பெரிய பெண்ணின் காலேஜ் என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

அக்கா என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். அவருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

“எந்த அடாப்டர்? உள்பக்கம் பிளஸ்ஸா?”

“அப்படித்தான் இருக்கும்.”

“அய்யோ சார்! அப்படீன்னா தலைகீழா கரண்ட் போயிருக்கு! மெமரி சிப்பு போயிருக்கு சார்! அது ஷார்ட்டாகி இருக்கு, அதான் போடப்போட டிரான்சிஸ்டர எரிக்குது. என் ஈயம் நல்லாத்தான் இருக்கு!” கடைசி வார்த்தையைச் சொல்லும்போது கிட்டத்தட்டக் குதித்தார். “மேடம், இன்ஸ்பெக்டருக்கு டீ குடுங்க. டிபனும் குடுங்க. ஸ்டாப் ரூம்ல பிளக் பாயிண்ட் இருக்கா?”

இன்ஸ்பெக்டர் இட்லி சாப்பிட்டார், வடை சாப்பிட்டார், டாய்லெட் எத்தனை என்று எண்ணினார். அதற்குள் ஸ்டாப் ரூம் மேஜையில் அக்கா மெமரி சிப்புகளைக் குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி மீட்டர் வைத்துப் பார்த்தார். இரண்டு செத்திருந்தன. டப்பாவிலிருந்து வேறு இரண்டை மாட்டினார். ஐந்தாவது டிரான்சிஸ்டருக்கு ஈயம் வைத்தார். ஒரே தடவைதான் வைத்தார். சுவிட்சைப் போட்டார். டி.வி.யில் எழுத்து வந்தது.

இன்ஸ்பெக்டர் இரண்டு மிஷின்களையும் பார்த்துத் தலையாட்டினார். ஒன்றன் மூடி திறந்தே கிடந்தது. “இது யாரு ரிப்பேரி மாடித்து?” என்று கன்னடத்தில் கேட்டார். அக்கா என்னைக் கைகாட்டி, “ஈ சார் சுட்டாக்கித்ரு, நானு சரி மாடிதே” என்றார். எரித்தவர் இவர், சரி செய்தது நான் என்று அரசாங்கத்திடமே சொல்லிவிட்டார்! பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளட்டும் என்று நின்றேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, “ஹௌதா?” என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் வாய்விட்டுச் சிரித்து, இப்படித் தெரியாமல் மாட்டினால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகவே நடத்துங்கள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் போனதும் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னிடம், “கம்ப்யூட்டர் சார், முதல்ல அந்த அடாப்டரைக் கொண்டுவந்து என் ரூம்ல வைங்க” என்றார். கம்ப்யூட்டர் சார் என்றதைத் தவிர வேறெதுவும் என் காதில் விழவில்லை.

வராந்தாவில் அக்கா பையைக் கட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்பு கேட்கலாம் என்று பக்கத்தில் போனேன்.

“நாலு நாளா கை போயிடுச்சுன்னே நினைச்சுட்டேன் சார்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். “கை போனப்புறம் அடுத்தவங்க சாமானத் தொடக்கூடாதில்ல? காலைல அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தேன். இனிமே யார் மிஷின் கொண்டாந்தாலும் வாங்காதே, வேலைய விட்டுட்டேன்னு சொல்லித் திருப்பி அனுப்புன்னு.” சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். “இன்னைக்கு ஒருத்தர் வரேன்னாரு சார். காக்ஸ் டவுன்லருந்து.”

ரெண்டு நிமிஷத் திட்டுக்குப் பயந்து நான் செய்த காரியம் எங்கே போய் நின்றிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. இருவரும் வேகவேகமாக நடந்தோம். வாசலில் அம்மா நின்றிருந்தார்.

“இப்பதான் திருப்பி அனுப்பினேன். புருஷனும் பொண்டாட்டியும் வந்தாங்க. பாவம், நீ பாப்பேன்னு நம்பி வந்திருக்காங்க. பஸ் ஸ்டாப் பக்கம் போறாங்க.”

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஓடினேன். நாற்பத்தைந்து வயதில், மாணவர்கள் பார்க்க, பெற்றோர்கள் பார்க்க, வேட்டி கட்டியிருந்தால் அவிழ்ந்திருக்கும், அப்படி ஓடினேன். தெருமுனையில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் பஸ் ஏறக் கால் வைக்கப் போனார்கள். பெரியவர் கையில் வயர் கூடை. கூடையில் தலையணை உறை.

“ஏறாதீங்க சார்! அந்தம்மா கை நல்லா இருக்கு! போகவே இல்ல! பொய் சொன்னது நான்!”

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். மூச்சு வாங்க வாங்க, அடாப்டரிலிருந்து இட்லி வடை வரை எல்லாவற்றையும் பெரியவரிடம் சொன்னேன். பஸ் போயே போய்விட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“நீங்க யாரு?”

“கம்ப்யூட்டர் வாத்தியார்” என்றேன். அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கூடையை நான் தூக்கி வருகிறேன் என்று கையை நீட்டினேன். பெரியவர் கூடையைச் சட்டென்று மறுகைக்கு மாற்றி, அந்தப் பக்கம் நின்ற மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மாள் அதை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் வெறுங்கையோடு முன்னால் நடந்து வழி காட்டினேன்.